பெருகு தின்றால் பெருகுமா?

கோரமண்டல் விரைவு வண்டியில் சென்னைக்குப் போய்வரும் நம் சங்கத்து அன்பர்கள் பலமுறை தடாவைக் கடந்திருப்பார்கள். ஆனால் பார்த்திருக்க மாட்டார்கள். வண்டி அங்கே நிற்பதில்லை. கூடூர், நாயுடுப்பேட்டை, சூலூர்ப்பேட்டை எல்லாம் தாண்டி, 'தமிழ்நாடு வந்துவிட்டதா?' என்று கேட்டுக்கொண்டே பெட்டிகளைச் சீட்டுக்கு அடியிலிருந்து இழுத்து வைக்கும் நேரத்தில் ஜன்னலில் ஓடி மறையும் சிறிய நிலையம். தடா என்றதும் 1995-ல் காலாவதியான அந்தக் கடுஞ்சட்டத்தை நினைப்பவர்களும் உண்டு. ஊருக்கும் சட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கிழக்கே பழவேற்காடு ஏரி. தெற்கே தமிழ்நாட்டு எல்லையில் ஆரம்பாக்கம். நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2022 ஏப்ரலில் பழைய சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துத் திருப்பதி மாவட்டம் அமைத்தபோது அதில் போய்ச் சேர்ந்தது. பேச்சில் தெலுங்கும் தமிழும் கலந்தே வரும். என் தாயார் வழி உறவினர் சிலர் இன்னமும் அங்கே இருக்கிறார்கள். கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் நுண்ணுயிர்களை வளர்த்து எண்ணிக்கொண்டிருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஆகவே ஊருக்குப் போனால், மருத்துவர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும், மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு நாலு பேராவது வந்துவிடுவார்கள். அப்படி வந்த ஒருவருடைய கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அவருடைய சம்மதத்துடன், அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

தடா என்றால் அந்தக் காலத்தில் சோதனைச் சாவடிதான். சென்னைக்கும் நம் கொல்கத்தாவுக்கும் இடையிலான தேசிய நெடுஞ்சாலையில், பீமுனிவாரிபாளையம் சாவடியில், லாரிகள் மணிக்கணக்காக நிற்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை வணிகவரிக் காகிதங்களுக்காக இந்தக் காத்திருப்பு. லாரி நிற்கிற இடத்தில் டீக்கடை வரும், பரோட்டாக் கடை வரும், சாராயம் வரும், அப்புறம் மற்றதும் வரும். வீட்டை விட்டு இருபது நாள், முப்பது நாள் சாலையிலேயே வாழ்பவர்கள் ஓட்டுநர்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. பரவிய வழிகளில் நெடுஞ்சாலையும் ஒன்று என்பது 1990-களிலேயே தெரிந்துவிட்டது. ஆந்திரமும் தமிழகமும் அன்று அதிகம் பாதிக்கப்பட்ட மாநிலங்களின் பட்டியலில் இருந்தவை. தடா இரண்டுக்கும் நடுவே.

முதன்முதல் கண்டுபிடிப்பும் இந்தப் பக்கத்தில்தான் நிகழ்ந்தது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் முதுநிலை மாணவி நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்து, சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு ரயிலில் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. இந்தியாவில் அதுவே தொடக்கம். அன்று இது மரண தண்டனை. 2004 ஏப்ரல் முதல் தேதி அரசாங்கம் கூட்டு மருந்துகளை இலவசமாகத் தரத் தொடங்கிய இடங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. இன்று ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. தவறாமல் சாப்பிட்டால் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிவிடும்; அப்படி அடங்கியிருக்கும்வரை உடலுறவின் வழியாக மற்றவருக்குப் பரவுவதும் இல்லை. இதை இன்னும் நம்பாதவர்கள் நம்மிடையே படித்தவர்களிலேயே இருக்கிறார்கள்.

என்னிடம் வந்தவர் முன்னாள் லாரி ஓட்டுநர். இப்போது பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் காவலாளி. எனக்கு மகன் முறை. 2019-ல் எடை குறைந்து, காய்ச்சல் விடாமல், படுக்கையில் விழுந்த பிறகுதான் சோதனை செய்திருக்கிறார்கள். உடம்பின் படைத்தளபதிகள் என்று சொல்லத்தக்க சி.டி.4 வெள்ளை அணுக்கள், ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சாதாரணமாக 500-க்கு மேல் இருக்க வேண்டியவை, அவருக்கு 38. உள்ளூரில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று தாம்பரம் போய் மாத்திரை வாங்குகிறார். தேறிவிட்டார். வேலைக்குப் போகிறார். கிருமியும் அடங்கிவிட்டது. ஆனால்,

"நெம்பர் ஏற மாட்டேங்குது பெரியப்பா. ரெண்டு வருசமா 190-லயே நிக்குது" என்றார்.

கையில் ஒரு டப்பா. கோடிக்கணக்கான 'நல்ல கிருமிகள்' அடங்கிய புரோபயாட்டிக் பொடியாம். கூடவே சுண்ணாம்புச் சத்து, இரும்பு, துத்தநாகம். ஒரு மாதத்துக்கு 2,400 ரூபாய். விற்க வந்த முகவர் இரண்டு வாக்குறுதி கொடுத்திருக்கிறார். மூன்று மாதத்தில் எண்ணிக்கை இரண்டு மடங்காகும் என்பது ஒன்று. ஏறிய பிறகு அரசாங்க மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. முதல் டப்பாவுக்குக் கடன் வாங்கியாகிவிட்டது.

அவர் மனைவி நாயுடுப்பேட்டைப் பக்கத்துப் பெண். வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், பளிச்சென்று ஒரு கேள்வி போட்டார்: "ஏன் மாமா, அந்த டப்பாவுல இருக்கறதும் தயிர்ல இருக்கறதும் ஒண்ணுதானேன்னு சொல்றாங்க. பெருகு தின்டே பெருகுதுந்தா?"

தெலுங்கில் தயிருக்குப் பெருகு என்று பெயர். வளர்வதற்கும் அதே சொல்தான். தமிழிலும் பெருகுதல் என்றால் அதிகமாவதுதானே. பெருகு தின்றால் பெருகுமா? மருத்துவ இதழ்களில் இருபது ஆண்டுகளாகப் பக்கம் பக்கமாக எழுதப்படும் கேள்வியை அந்த அம்மாள் மூன்று சொல்லில் கேட்டுவிட்டார்.

கேள்வி அசட்டுக் கேள்வி அல்ல. எச்.ஐ.வி. இரத்தத்தில் இருக்கிற நோய் என்றே நாம் நினைக்கிறோம். பரிசோதனைக்கு எடுப்பது இரத்தம் என்பதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் நம் உடம்பின் நிணநீர் அணுக்களில் பெரும்பகுதி குடற்சுவரை ஒட்டித்தான் குடியிருக்கிறது. நியாயம்தானே? வெளியுலகத்துப் பொருள் தினமும் மூன்று வேளை நுழைகிற வாசல் அதுதான். காவலும் அங்கேதான் அதிகம் வேண்டும். கிருமி உடம்பில் புகுந்த முதல் சில வாரங்களிலேயே குடலில் உள்ள சி.டி.4 அணுக்களைச் சூறையாடிவிடுகிறது. இரத்தத்தில் எண்ணிக்கை ஓரளவு நன்றாகத் தெரியும்போதே குடல் காலியாகிவிட்டிருக்கும். காவலர் இல்லாத சுவரில் ஓட்டை விழுகிறது. குடலில் கிடக்க வேண்டிய பாக்டீரியாக்களின் துணுக்குகள் இரத்தத்துக்குள் கசிகின்றன. இதை 2006-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்தே காட்டினார்கள். கசிந்து வரும் துணுக்குகளால் உடம்பு ஓயாமல் விழித்துக்கொண்டே, கொதித்துக்கொண்டே இருக்கிறது. கிருமியை மாத்திரை அடக்கிய பிறகும் இந்தக் கொதிப்பு முழுக்க அடங்குவதில்லை. எண்ணிக்கை ஏறாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். மிகத் தாமதமாக, எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போன பிறகு மாத்திரை தொடங்கியவர்களுக்கே இந்தத் தேக்கம் அதிகம். நம் காவலாளியின் 38-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் சுவரைப் பூசிச் செப்பனிட நல்ல கிருமிகளை உள்ளே அனுப்பலாமே? இந்த எண்ணம் புதிதல்ல. 1908-ல் நோபல் பரிசு பெற்ற ருசிய விஞ்ஞானி மெச்னிகாஃப், பல்கேரிய நாட்டார் நீண்ட ஆயுளுக்குப் புளித்த பாலே காரணம் என்று சொல்லிப் பாரிஸ் நகரத்தையே தயிர் குடிக்க வைத்தவர். நம் ஊர்ப் பாட்டிமார் அவருக்கு முன்பே வயிற்றுப்போக்குக்கு மோர்சாதம் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நாம் குடியேறிய வங்காளத்திலோ விருந்து முடிவதே தயிரில்தான். அதில் சர்க்கரையைக் கொட்டுவது மட்டும் எனக்கு இன்றுவரை ஒத்துவரவில்லை.

எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் நடந்த சோதனைகளில் அதிகம் பேசப்பட்டது நைஜீரியாவில், 2008-ல் வெளியானது. வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட 24 பெண்கள். கூட்டுமருந்து இன்னும் தொடங்காதவர்கள். பாதிப் பேருக்கு இரண்டு வகை லாக்டோபேசில்லஸ் சேர்த்த தயிர், 15 நாள். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் இரண்டே நாளில் வயிற்றுப்போக்கு நின்றது. பதினொரு பேருக்கு சி.டி.4 எண்ணிக்கை குறையாமல் நின்றது அல்லது ஏறியது; மற்ற பன்னிரண்டு பேரில் மூவருக்கு மட்டுமே அப்படி. இதைத்தான் டப்பாக்காரர்கள் உலகமெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த 'மற்ற பன்னிரண்டு பேரும்' தயிர்தான் சாப்பிட்டார்கள், சாதாரணத் தயிர். ஆகவே இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு 'எங்கள் வீட்டுத் தயிரே போதும்' என்று சொல்லவும் வழியில்லை. 24 பேர், 15 நாள் என்ற கணக்கை வைத்துக்கொண்டு டப்பாவை விற்கவும் வழியில்லை.

ஏனென்றால் அதே இரண்டு வகைக் கிருமிகளை, தான்சானியாவின் முவான்சா நகரத்தில் 65 பெண்களுக்கு 25 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-ல் முடிவு வந்தது: எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஏதும் இல்லை. பிரேசிலில் 77 குழந்தைகளிடம் இரண்டு மாதம் நடந்த சோதனை நல்ல பலன் சொன்னது. பிறகு அமெரிக்காவில், கூட்டுமருந்தால் கிருமி அடங்கிய பெரியவர்களுக்கு, அதாவது நம் காவலாளியின் நிலையில் இருப்பவர்களுக்கு, பல கிருமிகள் சேர்ந்த ஆற்றல்மிக்க புரோபயாட்டிக்கை 24 வாரம் கொடுத்தார்கள். சுமார் 90 பேர். நான் சற்றுமுன் சொன்ன கொதிப்பின் அளவுகோல் இறங்கவில்லை. சிறிய சோதனையில் தெரிந்த பலன் பெரிய, நீண்ட சோதனையில் காணாமல் போவது பரிசோதனைக்கூடத்தில் காலம் கழித்தவனுக்குப் பழகிய காட்சிதான்.

பயனே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நம் கொல்கத்தாவிலேயே, காலரா, குடல் நோய்களுக்கான தேசிய நிறுவனம் குடிசைப்பகுதிக் குழந்தைகள் 3,758 பேரிடம் ஒரு சோதனை நடத்தி 2011-ல் வெளியிட்டது. எச்.ஐ.வி.க்கும் அதற்கும் தொடர்பில்லை, வயிற்றுப்போக்கு பற்றியது. தினம் ஒரு சிறு குப்பி லாக்டோபேசில்லஸ் பானம் 12 வாரம் குடித்த குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு 14 சதவீதம் குறைவாக இருந்தது. பதினான்கு சதவீதம். குழாய்த் தண்ணீரைச் சுத்தமாகக் கொடுத்தால் இதைவிடக் கூடுதலாகவே குறையும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

இதையெல்லாம் தடாவில் அந்த வாசற்படியில் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. முதலில் கேட்டது ஒன்றுதான்: "மாத்திரையைக் குறைச்சிட்டியா?"

"இன்னும் இல்ல பெரியப்பா. ஏறட்டும்னு இருக்கேன்."

எனக்கு மூச்சு வந்தது. டப்பாவின் விலையைவிட இந்த இரண்டாவது வாக்குறுதிதான் ஆபத்து. மாத்திரையை நடுநடுவே நிறுத்தலாமா என்று 33 நாடுகளில் 5,472 பேரிடம் முறையாகவே சோதித்துவிட்டார்கள். எண்ணிக்கை 350-க்கு மேல் இருந்தவர்களுக்கு நிறுத்தி, 250-க்குக் கீழே இறங்கியதும் மறுபடி கொடுத்தார்கள். நிறுத்தியவர்களிடம் சந்தர்ப்பவாத நோய்களும் மரணமும் இரண்டு மடங்குக்கு மேல் என்று தெரியவந்ததும், 2006 ஜனவரியில் நிறுத்தி வைப்பதையே கைவிட்டார்கள். 350-க்கு மேல் இருந்தவர்கள் கதையே இது. 190-ல் இருப்பவர் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால்? கிருமி தலைதூக்கும், அரைகுறை மருந்தில் பழகி அந்த மருந்துக்கே அடங்காமலும் போகலாம்.

அடுத்து டப்பாவின் லேபிளைப் படித்தேன். சுண்ணாம்பும் இரும்பும் துத்தநாகமும் சேர்ந்திருப்பது ஊட்டம் போலத் தோன்றும். ஆனால் இன்று அரசு மையங்களில் தரும் ஒற்றை மாத்திரையில் டொலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கிறது. வெறும் வயிற்றில் இந்தத் தாது உப்புகளுடன் சேர்ந்து போனால் அது அவற்றோடு ஒட்டிக்கொண்டு, இரத்தத்தில் சரியாகச் சேராது. அமிலத்தைத் தணிக்கும் அன்டாசிட் மருந்துகளும் இதே வேலையைச் செய்யும். அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போதான் மாத்திரையை விழுங்க வேண்டும். சுண்ணாம்பு, இரும்பு மாத்திரைகளுக்கும் அதே இடைவெளி. அல்லது சாப்பாட்டோடு சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். முகவர் சொன்னது என்ன தெரியுமா? காலையில் வெறும் வயிற்றில், 'எல்லா மாத்திரையோடும் சேர்த்து' ஒரு கரண்டி பொடி! எண்ணிக்கையைக் கூட்ட வந்த டப்பா, கூட்டிக்கொண்டிருக்கும் மாத்திரைக்கே குறுக்கே நின்றிருக்கும். சாதாரணமாகச் சோற்றில் பிசைந்து சாப்பிடும் தயிரால் இந்தத் தொல்லை இல்லை.

உயிருள்ள கிருமிகளை அடர்த்தியாக அடைத்த பொடியில் இன்னொரு கவலையும் உண்டு. எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களுக்கு, அரிதாகத்தான் என்றாலும், இந்த நல்ல கிருமிகளே இரத்தத்தில் புகுந்து காய்ச்சலை உண்டாக்கியதாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது என்பது வெறும் சம்பிரதாயப் பேச்சு அல்ல.

சரி, பெருகு? அந்த அம்மாளுக்கு நான் சொன்ன பதில் இது. தாராளமாகப் போடம்மா. புரதம் இருக்கிறது, செரிக்கிறது, நாக்குக்குப் பிடிக்கிறது. மருந்து சாப்பிடுகிற உடம்புக்குச் சோறு இறங்குவதே பெரிய காரியம். ஆனால் பாலைப் பொங்கக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, சுத்தமான பாத்திரத்தில் உறை ஊற்று. பச்சைப் பால் கூடவே கூடாது. மோர் கரைக்கிற தண்ணீரும் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும். தடாச் சாலையோரம் பானையில் ஐஸ் போட்டு விற்கிறார்களே, அந்த மோர் இவருக்கு வேண்டாம். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களைப் படுக்கையில் தள்ளும் வயிற்றுப்போக்குக்குக் காரணமான கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகள் தண்ணீரில்தான் வருகின்றன. குளோரின் போட்டாலும் அது எளிதில் சாகாது, கொதிக்க வைத்தால்தான் சாகும். தயிரில் இருக்கும் நன்மையை அதில் ஊற்றும் தண்ணீர் கெடுத்துவிடும்.

இன்னொன்றும் சொன்னேன். வீட்டுத் தயிரில் எந்தக் கிருமி எத்தனை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வீடு, உறைமோருக்கு உறைமோர் மாறும். அளவு தெரிந்த, நன்மை நிரூபிக்கப்பட்ட உயிருள்ள கிருமிகளுக்குத்தான் புரோபயாட்டிக் என்ற பெயர் பொருந்தும் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு, வேளாண் அமைப்பும் 2001-ல் அமைத்த நிபுணர் குழு வரையறுத்தது. அந்தக் கணக்கில் நம் தயிர் உணவு, மருந்தல்ல. உணவாக இருப்பதில் அதற்கு ஒரு குறைவும் இல்லை.

மறுவாரம் அவர் லேபிளைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு தாம்பரம் போனார். அங்கே டப்பா வேண்டாம் என்றுவிட்டார்கள். சளி சோதனை எடுத்துக் காசநோய் இல்லை என்று உறுதிசெய்தார்கள். எண்ணிக்கை குறைவாக இருக்கும்வரை தினமும் போட வேண்டிய கோ-டிரைமாக்சசோல் மாத்திரையைத் 'தெம்பாகத்தானே இருக்கிறோம்' என்று அவர் இரண்டு மாதமாக விட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. மறுபடி தொடங்கி வைத்தார்கள். இது எனக்கே சொல்லாத செய்தி. டப்பாவைப் பற்றிக் கேட்கப் போனதில் இதுவாவது வெளியே வந்ததே என்று திருப்திப்பட்டேன்.

ஆறு மாதம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். எண்ணிக்கை 228. மனைவி பின்னாலிருந்து, "பெருகுதான் மாமா!" என்று கூவியது கேட்டது. பரிசோதனைக்கூடத்துக்காரனாக நான் உள்ளதைச் சொன்னேன். காலையில் எடுத்த இரத்தத்துக்கும் மாலையில் எடுத்ததற்குமே இந்த எண் மாறும். ஒரு ஜலதோஷம் வந்தால் மாறும். 190-க்கும் 228-க்கும் உள்ள வித்தியாசத்தை உயர்வு என்று எந்த ஆய்வாளரும் எழுத மாட்டார். கிருமி அடங்கியிருக்கிறதா என்று கேட்டேன். அடங்கியிருக்கிறது என்றார். அதுதான் எனக்கு வேண்டிய எண். அந்த அம்மாள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. தினமும் இரண்டு வேளை தயிர் உறைகிறதாம்.

நம் கொல்கத்தா வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நோய்க்கான அரசு மையம் இங்கே டிராப்பிகல் மெடிசின் பள்ளியிலும் இருக்கிறது, மாத்திரை இலவசம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி, ஒருவருடைய நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதும், அதைக் காரணம் காட்டி வேலையை மறுப்பதும் கூடாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.